ஆறாவது கேள்விக்கு ஓம்

நான் ஒரு முட்டாள். என் மனைவி இதை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார் என்றாலும், நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. எங்கள் தெருவில் இனிமேல் காசு கட்டித்தான் காரை நிறுத்தலாம் என்ற கவுன்சில் முடிவு வராமல் தடுக்க மூன்று மாதம் படை திரட்டியவன் நான். அந்த முடிவை எடுக்க வைத்தவனும் நானேதான். ஒரு நீலப் பேனையால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீர் ஆறுவதற்கிடையில் அந்த வேலையை முடித்தேன்.

எப்படி என்று சொல்வதானால் என் உத்தியோகத்திலிருந்து தொடங்க வேண்டும். சம்பளம் தரும் உத்தியோகம் பஸ் டிப்போவில், எந்தச் சாரதிக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுவது. சம்பளம் தராத உத்தியோகம் படிவம் நிரப்புவது. லண்டனுக்கு வந்த புதிதில் என் அகதி விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அது எப்படியோ சரிவந்துவிட்டது. அன்றிலிருந்து நம்மவர்களின் படிவங்கள் என் வீடு தேடி வரத் தொடங்கின. அரச உதவிப் பணமான பெனிபிட், பாஸ்போர்ட், பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம், எல்லாம். கடிதங்களைப் பலசரக்குக் கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பையின் அடியில் ஒரு மாம்பழமோ நாலு வடையோ இருக்கும். ஆங்கிலம் தெரியாமல் வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் பெட்டி மாறிப் போட்ட ஒரு புள்ளடியால் பிளேன் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்ட யாரோ ஒருவருடைய கதை எங்கள் எல்லோரிடமும் இருந்தது. அந்தப் பயத்தை என் தலையில் இறக்கிவைத்துவிட்டு, வெறும் பையோடு நிம்மதியாகப் போவார்கள். எனக்கு 'ஃபோர்ம் அண்ணை' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கென்று ஒரு சாத்திரம் இருக்கிறது. படிவத்தின் மறுமுனையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் நம்மை நம்பமாட்டான். நாம் என்ன எழுதினாலும் இதில் எங்கே பொய் இருக்கிறது என்றுதான் பார்ப்பான். ஆகவே அவன் நம்மைச் சந்தேகிப்பதற்கு முன் நாம் அவனைச் சந்தேகித்துவிட வேண்டும்.

அப்படி இருந்தபோதுதான் கவுன்சிலின் தடித்த வெள்ளை உறை வந்தது.

எங்கள் தெருவுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும் வெம்பிளி, குரொய்டன் என்று எங்கெங்கோ இருந்து கார்கள் வந்து எங்கள் வாசல்களை அடைத்து நிற்கும். இந்தப் பகுதியில் வசிக்கும் சிலர் கையொப்பம் திரட்டி மனுக் கொடுத்திருக்கிறார்கள், பெர்மிட் உள்ளவர்கள் மட்டும் காரை நிறுத்தும்படி செய்ய வேண்டுமாம், உங்கள் கருத்து என்ன, வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்பவும், பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதன்படி முடிவெடுப்போம் என்று கடிதம் சொன்னது. கூடவே பளபளப்பான ஒரு கையேடு. கவுன்சில் இதைக் கருத்துக் கேட்டல் என்றது. எங்கள் தெருவில் நாங்கள் வோட்டு என்றுதான் சொன்னோம்.

"சிலர்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சிலர்?

கையேட்டை மூன்று தரம் வாசித்தேன். முதல் காருக்கு ஒரு கட்டணம். இரண்டாவது காருக்கு அதைவிடக் கூட. டீசல் என்றால் இன்னும் கூட. விருந்தாளி வந்தால் மணிக்கணக்கில் டிக்கெட். வரும் பணத்தில் திட்டத்தை நடத்துவார்களாம். மிஞ்சினால் வீதிகளுக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் செலவழிப்பார்களாம். 'மிஞ்சினால்' என்பதன் கீழே கோடு போட்டேன். எங்கள் வாசலில் வீதியில் ஒரு குழி இருக்கிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளில் அது ஒரு சோற்றுக் கோப்பையளவு இருந்தது. இப்போது மழை பெய்தால் வாத்து விடலாம். அதற்குச் செலவழிக்க இவ்வளவு நாளும் காசு மிஞ்சவில்லை, இனிமேல் மிஞ்சுமாக்கும் என்று எண்ணிச் சிரித்தேன். வரி என்று சொல்லாமல் வரி போடுவதற்கு மக்களிடமே கையொப்பம் வாங்குகிறார்கள் பார், என்ன மூளை என்று வியந்தும் கொண்டேன்.

அன்று பின்னேரமே முன்வீட்டு வான்காரர் வந்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். கலியாண மண்டபங்களுக்கு மணவறை போடுவது தொழில். தூண்கள், பொன்னிறக் கதிரைகள், இரண்டு ஃபைபர் யானைகள் எல்லாம் அவருடைய வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் இருக்கும். சனிக்கிழமை விடியும்போது அவற்றைத் தன் நீண்ட வான் வண்டியில் ஏற்றுவார். ஆகவே வான் வாசலில் நிற்க வேண்டும்.

"அண்ணை, உந்தப் புத்தகத்தின்ரை ஏழாம் பக்கத்தைப் பாத்தனீங்களே?"

"பாத்தன். ஏன் தம்பி?"

"வானுக்கு நீளக் கணக்கு ஒண்டு போட்டிருக்கிறாங்கள். அதைவிட நீளமெண்டால் பெர்மிட் இல்லையாம். காசு குடுத்தாலும் இல்லை."

"உம்மடை வான்?"

"ஒரு முழம் கூட."

"வடிவா அளந்தனீரே?"

"மணவறைக்குப் பூமாலை கட்டுற கயித்தாலை மூண்டுதரம் அளந்திட்டன். நான் எப்பிடி அளந்தாலும் அது சுருங்குதில்லை, அண்ணை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். வானை எங்காவது யார்டில் விடுவதானால் மோட்டர்வேக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். வாடகையும் போக்குவரத்தும் போனால், "பிறகு நான் கலியாண வீடுகளுக்குச் சாப்பிட மட்டும்தான் போகலாம்" என்றார். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால் இரண்டு பிள்ளைகளும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்.

"பிரான்சிலை எண்டால் இந்நேரம் நடுரோட்டிலை ரயர் எரிச்சிருப்பாங்கள்."

"இஞ்சை நாங்கள் ஃபோர்ம் நிரப்புவம்" என்றேன் நான், பெரிய தளபதி மாதிரி. "நீர் பயப்பிடாதையும். உம்மடை வான் அந்த இடத்தை விட்டு அசையாது. அதுக்கு நான் பொறுப்பு."

தேநீர் கொண்டுவந்த மனைவி கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தார். அவர் ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறார். வான்காரர் போகும்வரை காத்திருந்து சொன்னார்:

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமையிலை ஷிப்ட் முடிஞ்சு வந்து மூண்டு தெரு தள்ளிக் காரை விட்டிட்டு நடந்து வாறது நான். உந்தப் பெர்மிட் வந்தால் எனக்கு நல்லது."

"அவரின்ரை வான்?"

"அது பாவம்தான். அதுதான் சொல்லுறன், எங்கடை வீட்டு ஃபோர்மை நான் நிரப்புறன். நான் நினைக்கிறதை நான் போடுறன்."

"உமக்கு ஏன் வீண் கஸ்டம்" என்று சொல்லிப் படிவத்தை எடுத்து என் கோப்புக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மனுக் கொடுத்த 'சிலர்' பட்டியலில் முதல் ஆளாக என் மனைவியைச் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறை தேர்தல் அலுவலகம் போல ஆகிவிட்டது. தெருவிலுள்ள தமிழ் வீடுகள் எங்களுடையதோடு பதினொன்று. பதினொரு படிவமும் வந்து சேர்ந்தன. கூடவே மூன்று மாம்பழம், ஒரு டப்பா பருத்தித்துறை வடை. கையொப்பத்தை மட்டும் அவரவர் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக் கையொப்பம் என்னுடையது. வான்காரர் மட்டும் எனக்குப் பக்கத்தில் இருந்து நான் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாலு கேள்வியும் எத்தனை கார், எத்தனை பேர் என்ற வகை. ஐந்தாவதுதான் நெஞ்சு: உங்கள் தெருவுக்கு இந்தத் திட்டம் வேண்டுமா? எல்லாவற்றிலும் 'இல்லை'க்குப் புள்ளடி போட்டேன். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது எல்லாம் எந்த நாள், எந்த நேரம் என்பவை; அவற்றிலும் எதுவும் வேண்டாம் என்று போட்டேன். நடுவே ஆறாவது கேள்வியில் என் பேனை நின்றது. பக்கத்துத் தெருவுக்கு இந்தத் திட்டம் வந்தால், உங்கள் தெருவையும் அதில் சேர்க்க விரும்புவீர்களா?

அதில் 'ஓம்' என்று போட்டேன்.

வான்காரர் குனிந்து பார்த்தார். "அண்ணை, ஆறாவதுக்கு ஏன் ஓம்?"

"தம்பி, நீர் இன்னும் சின்னன். எல்லாத்துக்கும் இல்லை, இல்லை எண்டு போட்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? உவங்கள் வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாங்கள் எண்டு குப்பையிலை எறிவாங்கள். பெனிபிட் ஃபோர்மிலையும் இப்பிடித்தான். ஒரு இடத்திலை விட்டுக்குடுக்க வேணும். அப்பதான் ஆள் நேர்மையான ஆள் எண்டு நம்புவாங்கள்."

"அதுக்கு உந்தக் கேள்வியே கிடைச்சுது?"

"உதுதான் சேதமில்லாத கேள்வி. பக்கத்துத் தெருவுக்கு வந்தால் எண்டுதானே கேக்கிறான். பக்கத்துத் தெருவுக்கு ஏன் வரப்போகுது? ஆர் வேணுமெண்டு காசு கட்டுவான்? நடக்காத காரியத்துக்கு ஓம் சொல்லுறதிலை எங்களுக்கு என்ன நட்டம்?"

அவர் அந்தப் பெட்டியை விரலால் ஒரு தரம் தொட்டார். "நீங்கள் சொன்னால் சரி, அண்ணை" என்றார்.

பதினொரு படிவத்திலும் ஆறாவது கேள்விக்கு ஓம். ஒரே பேனை, ஒரே கை. முடித்துவிட்டு ஒரு வடையைக் கடித்தபோது, மறுமுனையில் இருப்பவனை ஏமாற்றிப் பேய்க்காட்டிவிட்ட சந்தோசம் வாய்க்குள் மொறுமொறுத்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில் எனக்கு வேலை சந்தேகப்படுவது மட்டும்தான். மூலைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன்: தெருவில் கார் குறைந்தால் அவருடைய கடைக்குச் சாமான் இறக்குவது சுகம். நாற்பதாம் இலக்க வெள்ளைக்காரரைச் சந்தேகப்பட்டேன்: அவருக்குக் காரே இல்லை, ஆனாலும் ஜன்னலில் நின்று கார்களைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்த்தால் அவர் கை காட்டுவார். அது இன்னும் பெரிய சந்தேகமாயிற்று. ஒரு நாள் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் நடைபாதையில் நின்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கவுன்சில் உளவாளி என்று நினைத்து, நாயில்லாத நான் நாய்க்கு நடை காட்டுபவன் போல அவரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். அவர் காஸ் குழாய்க்காரர்.

மனைவி ஆசுப்பத்திரியிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம், "எத்தினை தெரு தள்ளி விட்டனீர்?" என்று கேட்பேன். அக்கறையில் அல்ல, துப்பறிய.

"என்னைச் சந்தேகப்படுறியள் போலை."

"சேச்சே."

"சந்தேகப்படுறதெண்டால் தேத்தண்ணியைப் போட்டுத் தந்திட்டுச் சந்தேகப்படுங்கோ. கால் நோகுது."

வான்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வானை ஏற்றிக்கொண்டே என் வீட்டைப் பார்த்துக் கேட்பார்: "அண்ணை, ஏதும் தெரிஞ்சுதே?" நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன்.

பிறகு முடிவு வந்தது. இந்த முறை மெல்லிய உறை. மெல்லிய உறைகள் நல்லவையல்ல என்பதும் என் சாத்திரத்தில் ஒரு பகுதி. பக்கத்துத் தெருவில் திட்டம் வருகிறது. எங்கள் தெருவையும் சேர்ப்பதற்கு எங்கள் தெருவில் பதில் அனுப்பியவர்களில் பெரும்பான்மையினர் ஆதரவு தந்திருப்பதால், எங்கள் தெருவிலும் வருகிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆதரவா? எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் வேண்டாம் என்றல்லவா சொன்னார்கள்? வோட்டை மாற்றி எண்ணியிருக்கிறார்கள். வான்காரருடைய வாசலில் நின்றே சபதம் செய்தேன்: "தம்பி, உவங்கடை கள்ள எண்ணிக்கையை நான் வெளியிலை கொண்டுவாறன் பாரும்." அவர் கையிலிருந்த வெள்ளிப் பூச்சுத் தூணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நூல்நிலையத்தில் கவுன்சில் ஆட்கள் வந்து விளக்கம் சொல்வதாகக் கடிதத்தில் இருந்தது. படிவங்களின் பிரதிகளையும் கோடு போட்ட கையேட்டையும் என் கோப்புக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வழக்கறிஞர் மாதிரி இருக்கட்டும் என்று கழுத்துப்பட்டி கட்டினேன். அங்கே மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ, அங்கிள்?" என்றார்.

மறுமுனையில் நம்மவர் ஒருவர் இருப்பார் என்று என் சாத்திரம் சொல்லவில்லை. ஒரு கணம் இதுவும் சூழ்ச்சியோ என்று யோசித்தேன்.

அவர் கணினியைத் திருப்பி எங்கள் தெருவின் பதில்களைக் காட்டினார். பாதி ஆங்கிலமும் பாதி வீட்டுத் தமிழுமாகப் பேசினார். "அங்கிள், ஐஞ்சாவது கேள்விக்கு உங்கட ஸ்ட்ரீட் நோ எண்டுதான் சொல்லியிருக்கு. கிளியர் நோ. மனு வந்தது உங்கட ஸ்ட்ரீட்டிலை இருந்து இல்லை. கோயில் பக்கத்து ஸ்ட்ரீட் ஆக்கள்தான் கையெழுத்து வாங்கினவை. அவைக்குத் திட்டம் வேணும். அங்கை பெர்மிட் வந்தால் கோயிலுக்கு வாற கார் எல்லாம் உங்கட ஸ்ட்ரீட்டுக்குத்தானே வரும்? அதுக்குத்தான் ஆறாவது கேள்வி. அதைத்தான் முக்கியமாப் பாப்பம்."

"அதிலை ஓம் எண்டு எத்தினை?"

"பதினாலு. பதினொண்டு ஒரே மாதிரி."

நான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன். "பதினொண்டும் ஒரே பேனை, ஒரே கையா இருந்திருக்குமே. உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையே?"

"ஏன் சந்தேகப்பட வேணும், அங்கிள்? சைன் வேறை வேறைதானே. ஆரோ ஒரு நல்ல மனுசர் எல்லாருக்கும் ஹெல்ப் பண்ணியிருக்கிறார் எண்டு எங்கட டீமிலை கதைச்சனாங்கள். ஸோ ஸ்வீட்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. இது இன்னும் முடிந்துவிடவில்லை. ஆட்சேபம் தெரிவிக்க மூன்று வாரம் இருக்கிறது. தொழிலுக்காக நீளமான வண்டி வைத்திருப்பவர் தன் நிலைமையை எழுதினால் அதைத் தனியாகப் பரிசீலிப்பார்கள். ஆனால் ஒரே வாசகத்தில் பல வீட்டிலிருந்து வந்தால் அவற்றை ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். "ஆக்கள் தங்கட சொல்லிலை எழுத வேணும், அங்கிள்" என்று சொல்லி ஆட்சேபப் படிவம் ஒன்றைத் தந்தார். கதவுவரை வந்து வழியனுப்பினார். எனக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்றபடியே மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:

"நான் நிரப்பியிருந்தால் ஒரு ஓம்தான் போயிருக்கும். நீங்கள் பதினொண்டு போட்டிருக்கிறியள். வான்காரருக்குச் சொன்னியளே?"

"சொல்லேல்லை."

"சொல்லுங்கோ."

"கவுன்சில்காரன் எண்ணினதிலை ஏதோ பிழை எண்டு சொன்னால்..."

"இஞ்சாருங்கோ." இந்த ஒரு சொல்லை அவர் சொல்லும் விதத்தில் பல தரம் இருக்கிறது. இது கடைசித் தரம். "நீங்கள் போறியளோ, நான் போகட்டோ?"

உண்மையைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியவராது என்பதை எங்கள் வாசலிலிருந்து வான்காரர் வாசல்வரை நடந்த இருபது அடியிலும் யோசித்தேன். தமிழ் வீடுகளில் யாருக்கும் ஆறாவது கேள்வி எதுவென்றே நினைவிருக்காது. அதைப் பெட்டியில் பார்த்தவர், ஏன் என்று கேட்டவர், ஒரே ஒருவர்தான். அவர் வானுக்குப் பின்னால் நின்று யானையை இறக்கிக்கொண்டிருந்தார். ஃபைபர் யானை, பாரமில்லை; ஆனால் தும்பிக்கை உடைந்துவிடக்கூடாதென்று குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, கள்ள எண்ணிக்கை ஒண்டும் இல்லை. ஆறாவது கேள்வியாலைதான் வந்தது. நான் போட்ட ஓம்."

அவர் யானையை நடைபாதையில் மெதுவாக வைத்தார். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்: பக்கத்துத் தெரு, மூன்று வார அவகாசம், தொழில் வண்டிக்குத் தனிப் பரிசீலனை. சட்டைப்பையிலிருந்து ஆட்சேபப் படிவத்தை எடுத்தேன். கடைசியில், பழக்கதோசம் யாரை விட்டது, பேனையின் மூடியைக் கழற்றிவிட்டேன். யானையின் முதுகு மட்டமாக இருந்தது. படிவத்தை அதன்மேல் விரித்தேன்.

"இதை நான் வடிவா நிரப்பித் தாறன். இந்த முறை ஒரு பிழையும் வராது. முதலாவது கேள்வி என்னெண்டால்..."

அவர் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

"பேனையைத் தாங்கோ."